காற்றழுத்தம் மாறும்போது தரையின் இரைச்சலும் மாறுகிறதா? வீட்டு அதிர்வுமானியில் கண்டது

மலையடிவாரம் | ஆயர் ஈத்தாம், பினாங்கு | மே 4, இரவு 10.17

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படிக்க மட்டும் வந்துபோனேன். இன்று ஒரு கேள்வி இருக்கிறது.

ஆறு மாதமாக என் வீட்டில் தரையின் அசைவைப் பதியும் ராஸ்பெரி ஷேக் என்ற சிறிய அதிர்வுமானி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தரைவீடு, மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறை, சிமெண்டுத் தரை. இதை வாங்க ஒரு காரணம் உண்டு. 2005 மார்ச் 29, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். இந்தோனேசியாவின் நியாஸ் தீவில் 8.6 அளவு நிலநடுக்கம். அப்போது நாங்கள் பதினோராம் மாடி பிளாட்டில் இருந்தோம். குளியலறை வாளியில் தண்ணீர் இப்படியும் அப்படியும் ததும்பிக்கொண்டிருந்ததை அம்மா கூப்பிட்டுக் காட்டினார். சுனாமி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாடிப்படி முழுக்க ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அந்த வாளித் தண்ணீர் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச்சில் சில வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு பிஎம்பி280 அழுத்த உணரி வாங்கித் தாழ்வாரத்தில் மாட்டினேன். இரண்டு வரைபடத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஏதோ தொடர்பு தெரிகிறது, ஆனால் எனக்குப் பிடிபடவில்லை.

தினமும் மாலை ஐந்து மணியை ஒட்டிக் காற்றழுத்தம் அடிமட்டத்துக்குப் போகிறது. அதே நேரத்தில் தரையின் பின்னணி இரைச்சல் உச்சத்தில் இருக்கிறது. இரவு பதினொன்றுக்கு அழுத்தம் ஏறிவிடும், இரைச்சல் அடங்கிவிடும். அப்படியானால் அழுத்தம் குறைந்தால் இரைச்சல் கூடும் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் விடியற்காலைப் புயற்காற்று அடிக்கும் நாட்களில் தலைகீழாக இருக்கிறது. அழுத்தம் திடீரென்று ஏறுகிறது, இரைச்சலும் கூடவே ஏறுகிறது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

கரும்பலகை | பிறை | மே 4, இரவு 11.02

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் மாணவர்களும் இதைப் படிக்கப் போகிறார்கள், அதனால் அடிப்படையிலிருந்து கேட்கிறேன். இங்கே “இரைச்சல்” என்கிறீர்களே, காதுக்குக் கேட்பதையா?

மலையடிவாரம் | மே 4, இரவு 11.20

இல்லை டீச்சர். நிலநடுக்கம் எதுவும் இல்லாத நேரத்திலும் தரை சும்மா இருப்பதில்லை. லோரி போகிறது, காற்றில் மரம் ஆடி வேரை அசைக்கிறது, தூரத்தில் கடலலை அடிக்கிறது. இந்தச் சின்னச் சின்ன அசைவெல்லாம் சேர்ந்ததுதான் பின்னணி இரைச்சல். கருவி ஒரு நொடிக்கு 100 முறை அளந்து எழுதுகிறது. நடுக்கத்தின் பதிவை அந்த இரைச்சலுக்குள் இருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். சந்தைக்கடையில் நின்று ஒரு ஆளின் குரலைக் கேட்பது போல.

பழையபாரோ | பட்டர்வொர்த் | மே 5, காலை 6.48

தம்பி, நான் வானிலைக் கண்காணிப்பில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாதரசத்தைக் கண்ணால் பார்த்துக் குறித்த காலத்து ஆள். அதிர்வைப் பற்றி எனக்குத் தெரியாது. காற்றழுத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் அந்த ஏற்ற இறக்கம் மழையாலோ புயலாலோ வருவதில்லை. வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் உலகத்தைச் சுற்றி வரும் ஒரு பேரலை அது, கடலுக்கு ஓதம், அதாவது ஏற்றவற்றம், இருப்பது போலக் காற்றுக்கும் உண்டு. நாளுக்கு இரண்டு மேடு, இரண்டு பள்ளம். நிலநடுக்கோட்டுப் பக்கம்தான் அது பலமாகத் தெரியும், ஒரு நாளில் 3, 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வரை மாறும். ஐரோப்பாவில் புயல்கள் வந்து இதை மூடிவிடும். நம் பக்கத்தில் தெளிவாகத் தெரியும். ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் தென்னமெரிக்காவின் வெப்பப் பகுதியில் இருந்தபோது, பாரோமீட்டரைப் பார்த்தே கால் மணி நேரப் பிழைக்குள் மணி சொல்லலாம் என்று எழுதினார்.

புத்தகத்தில் மேடு காலை, இரவு பத்து மணி என்றும், பள்ளம் நாலு மணி என்றும் போட்டிருக்கும். உங்கள் பதிவில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அது சூரிய நேரம். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரத்தைக் கிழக்கே சபா, சரவாக் நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ மதியம் 1.15க்கு. அதனால்தான் உங்கள் பள்ளம் ஐந்து மணிக்கு மேல் விழுகிறது.

விடியற்காலையில் அழுத்தம் எகிறுவது வேறு கதை. அது “சுமத்ரா”. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, இரவில் நீரிணைக்கு மேல் திரண்டு விடியலில் நம் கரைக்கு வரும் இடிமழைக் கோடு. மழை இழுத்துக்கொண்டு இறங்கும் குளிர்ந்த காற்று கனமானது. அது தரையோடு பரவி வரும்போது பாரோமீட்டர் சட்டென்று ஏறும், வெப்பம் இறங்கும், காற்று அறையும். நிமிடக் கணக்கில் நடந்து முடிந்துவிடும்.

பதினேழாம்மாடி | செந்தூல், கோலாலம்பூர் | மே 5, மதியம் 1.30

என்னிடமும் அதே கருவி இருக்கிறது. 24 மாடிக் கொண்டோ, பதினேழாவது மாடி. இங்கே பதிவில் 0.6 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 0.6 முறை ஆடும் அசைவுக்கு, எப்போதும் ஒரு கோடு இருக்கும். மாலை இடிமழைக்கு முன்னால் அந்தக் கோடு தடிக்கிறது, அழுத்தமும் அந்த நேரத்தில் குறைவுதான். மலையடிவாரம் அண்ணன் சொல்வது எனக்கும் ஒத்துப்போகிறது. அழுத்தம் கட்டிடத்தை ஏதோ செய்கிறது என்றுதான் நினைத்தேன்.

அலைவரிசை | பெட்டாலிங் ஜெயா | மே 6, இரவு 9.15

நான் புவி இயற்பியல் படித்தவள். நில அதிர்வுத் தரவோடு நிறைய நாள் வேலை செய்திருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. 1870களில் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் பெர்த்தெல்லி என்ற பாதிரியார் ஊசல்களைத் தொங்கவிட்டு நுண்ணோக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். நடுக்கமே இல்லாத நாளிலும் அவை அசைந்தன. பாரோமீட்டர் இறங்கிய நாட்களில் அதிகமாக அசைந்தன. ஆக, 150 வருஷமாகக் கேட்கப்படும் கேள்வி இது.

முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். ஐயா சொன்னபடி பள்ளம் நாளுக்கு இரண்டு முறை வருகிறது, மாலை ஐந்தரைக்கு ஒன்று, விடியற்காலை ஐந்தை ஒட்டி இன்னொன்று. காற்றழுத்தக் குறைவுதான் இரைச்சலுக்குக் காரணம் என்றால் விடியற்காலைப் பள்ளத்திலும் இரைச்சல் கொஞ்சமாவது ஏற வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் பதிவு என்ன சொல்கிறது? அப்புறம், ஒரு நீண்ட விடுமுறை வரும்போது மாலைப் பள்ளத்தைப் பாருங்கள். விடுமுறைக்குக் காற்றின் ஓதம் நிற்காது, சாலை நின்றுவிடும்.

இரண்டாவது விஷயம் கருவி. உங்கள் பெட்டிக்குள் இருப்பது 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன், ஒரு காந்தமும் ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருளும். மின்னணுவால் அதன் கேட்கும் எல்லையை ஏறத்தாழ 0.5 ஹெர்ட்ஸ் வரை இறக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே அதற்குக் காது மந்தம். மணிக்கணக்கில் மெதுவாக மாறும் அழுத்தம் தரையை என்ன செய்தாலும் இந்தக் கருவிக்குத் தெரியாது. ஆகவே அதில் தெரிவது எதுவானாலும் வேறு வழியாக வந்திருக்க வேண்டும்.

பதினேழாம்மாடி, உங்களுடையது எனக்கு ஓரளவு புரிகிறது. கட்டிடம் ஒரு முறை ஆடித் திரும்ப மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்று ஒரு பழைய உத்தேசக் கணக்கு உண்டு. 24 மாடிக்கு 2.4 நொடி. நீங்கள் சொல்லும் 0.6 ஹெர்ட்ஸ் என்றால் 1.7 நொடி, கட்டிடம் அந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் விறைப்பானது. காற்று தள்ளும்போது கட்டிடம் தன் இயல்பான தாளத்தில் ஆடுகிறது. அழுத்தம் குறைவாக இருப்பதற்கும் அந்த ஆட்டத்துக்கும் நடுவில் இருப்பது மாலை இடிமழையின் காற்று.

சாலைவிளக்கு | கிள்ளான் | மே 6, இரவு 10.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். காற்றழுத்தம் குறைந்தால் நிலநடுக்கம் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பலாமா?

அலைவரிசை | மே 6, இரவு 11.05

வேண்டாம். நடுக்கத்தை உண்டாக்கும் அழுத்தம் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் காற்றின் மாற்றம் மிக மிகச் சிறியது. ஒரு சிறப்பான நிகழ்வு மட்டும் பதிவாகியிருக்கிறது. கிழக்குத் தாய்வானில் சூறாவளியின் தாழ்வழுத்தம் கடக்கும்போது மணிக்கணக்கில் மெல்ல நழுவும் “மெதுநடுக்கங்கள்” வந்ததாக 2009ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அது ஏற்கெனவே நழுவத் தயாராக நின்ற பிளவு. அதை வைத்து யாரும் நாளைய நடுக்கத்தைச் சொல்ல முடியாது. செய்தி அனுப்பியவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மலையடிவாரம் | மே 8, இரவு 9.50

அக்கா, இரண்டு மாதப் பதிவையும் மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். விடியற்காலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில்தான் ஒரு நாளிலேயே இரைச்சல் மிகக் குறைவு. அழுத்தமோ பள்ளத்தில் இருக்கிறது. ஐந்தே முக்காலுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைப் பேருந்துகள் கிளம்பத் தொடங்கியதும் இரைச்சல் ஏறுகிறது. மாலையில் உச்சம் வருவது அதே ஆட்கள் வேலை முடிந்து திரும்பும் நேரம். நானே அந்த நெரிசலில் மோட்டாரில் நிற்கிறவன். என் வண்டியும் அந்தக் கோட்டில் இருக்கிறது. விடுமுறைக்கு ஹஜ்ஜுப் பெருநாள் வரை காத்திருக்கிறேன்.

கரும்பலகை | மே 9, மாலை 4.10

இதை இன்று ஆறாம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். “பள்ளம் இரண்டு, நெரிசல் ஒன்று, அப்படியானால் இரைச்சல் யாருடைய பிள்ளை?” என்று ஒரு மாணவி கேட்டாள். கரும்பலகையில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். காற்றழுத்தம் தரையை ஒன்றுமே செய்யாதா? காற்றுக்கு எடை உண்டு என்றுதானே பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறோம்.

அலைவரிசை | மே 10, பிற்பகல் 3.30

செய்யும் டீச்சர். நிறையவே செய்யும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எடையிலிருந்தே தொடங்கலாம். 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் சுமார் பத்து கிலோ கூடுதலாக அமர்கிறது. பினாங்குத் தீவின் பரப்பு ஏறத்தாழ 295 சதுர கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 30 லட்சம் டன். காற்றின் ஓதத்தில் ஒவ்வொரு நாளும் அதைப் போல மூன்று மடங்கு சுமை தீவின் மேல் ஏறி இறங்குகிறது. தரை ரப்பர் போல அமுங்கி எழுகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராக அமுங்கினால் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் காற்று கொத்துக் கொத்தாக வரும், ஒரு பக்கம் அழுத்தம் கூட, அடுத்த பக்கம் குறைவு. அப்போது தரை சாய்கிறது.

அந்தச் சாய்வு எவ்வளவு என்று கற்பனை செய்ய ஒரு வழி. ஜார்ஜ் டவுனிலிருந்து கோலாலம்பூர் வரை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு வளையாத கம்பியைப் போட்டு, ஒரு முனையை 0.3 மில்லிமீட்டர் மட்டும் தூக்கினால் வரும் சாய்வு ஒரு நானோரேடியன். மணல் துகளொன்றை அடியில் வைத்த மாதிரி. மிக மெதுவான அசைவையும் பதியும் ஒரு நல்ல அகலப்பட்டை அதிர்வுமானிக்கு அதுவே பெரிது. கிடைமட்ட அச்சில் தொங்கும் எடை, தரை சாய்ந்தால் ஈர்ப்பு விசையின் ஒரு சிறு பங்கைப் பக்கவாட்டில் உணர்கிறது. அது தரை நகர்ந்ததா சாய்ந்ததா என்று கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. நூறு நொடி போன்ற நீண்ட அலைநேரங்களில் (ஒரு முறை ஆடித் திரும்ப ஆகும் நேரம்) கிடைமட்ட அச்சுகள் செங்குத்து அச்சைவிட எப்போதும் இரைச்சலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். செங்குத்து அச்சுக்குச் சிறு சாய்வு கிட்டத்தட்டத் தெரியாது.

இதை 1971ல் சோரல்ஸ் என்பவர் கணக்காக எழுதினார். காற்றோடு நகரும் ஒரு அழுத்தக் கொத்து தரையை எவ்வளவு அமுக்கும் என்ற கணக்கு. அந்த அமுக்கம் ஆழத்தில் தேய்ந்துவிடும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் நூறு நொடி அலையின் நீளம் ஒரு கிலோமீட்டர், அதில் ஆறில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போனாலே நன்றாகக் குறைந்துவிடும். நல்ல நிலையங்களைக் குகையிலோ ஆழ்துளையிலோ வைப்பதற்கு இது ஒரு காரணம். சேறும் வண்டலுமான தரை பாறையைவிட அதிகம் அமுங்கும். அதனால் இப்போது அழுத்தத்தையும் அதிர்வையும் ஒரே இடத்தில் அளந்து, அடியில் இருக்கும் மண் எவ்வளவு மெதுமெதுப்பு என்றுகூடக் கணக்கிடுகிறார்கள். ஒருவருக்கு இரைச்சலாக இருப்பது இன்னொருவருக்குத் தரவு.

இன்னும் மெதுவாக, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று போனால் வேறொன்று முன்னுக்கு வருகிறது. தலைக்கு மேல் உள்ள காற்றே ஒரு நிறை. அது கருவிக்குள் தொங்கும் எடையை மேலே இழுக்கிறது. 1 ஹெக்டோபாஸ்கலுக்கு நொடிக்கு நொடி ஏறத்தாழ 3.5 நானோமீட்டர் முடுக்கம். 1995ல் ஜெர்மனியின் சுர்ன், விட்மர் இருவரும், பக்கத்தில் இருக்கும் பாரோமீட்டரின் எண்ணை இந்த அளவால் பெருக்கிப் பதிவிலிருந்து கழித்தாலே செங்குத்து இரைச்சல் நன்றாகக் குறைகிறது என்று காட்டினார்கள். பெரிய நடுக்கத்துக்குப் பிறகு பூமி மணி போல் நாள்கணக்கில் ஒலிக்கும், அந்த மெல்லிய ஒலிகள் இந்தக் கழித்தலுக்குப் பிறகே வெளியே வருகின்றன.

கருவியின் உடலையும் மறக்கக் கூடாது. அழுத்தம் மாறினால் பெட்டி நெளியும், காற்றின் அடர்த்தி மாறி உள்ளே இருக்கும் எடை கொஞ்சம் மிதக்கும். எஸ்டிஎஸ்-1 என்ற புகழ்பெற்ற அதிர்வுமானியைக் கண்ணாடிக் குடுவையால் மூடி உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவது அதற்காகத்தான்.

பழையபாரோ | மே 10, மாலை 6.20

அம்மா, படித்தேன், இரண்டு முறை படித்தேன். ஒரு சின்னச் சேர்க்கை. கடலுக்கு இந்தச் சுமை வேறு மாதிரி. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். காற்று விட்டுக்கொடுத்த எடையைத் தண்ணீர் ஈடுகட்டிவிடும். அதனால் மெதுவான மாற்றத்தில் கடலடித் தரைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறேன். சரிதானா?

அலைவரிசை | மே 10, இரவு 8.05

மிகச் சரி ஐயா. சில நாட்களுக்கு மேல் நீளும் மாற்றத்துக்கு அப்படித்தான். தீவில் இருக்கும் நிலையத்துக்கு இது முக்கியம், தரையில் சுமை மாறும், சுற்றிலும் கடலடியில் மாறாது.

பதினேழாம்மாடி | மே 11, காலை 11.45

2022ல் டோங்கா எரிமலை வெடித்தபோது நம் நாட்டிலும் பாரோமீட்டரில் தெரிந்தது என்றார்களே, அதுவும் இந்த வகைதானா?

அலைவரிசை | மே 11, இரவு 9.30

ஆமாம், அது வளிமண்டலம் முழுக்கப் பரவிய அழுத்த அலை. நொடிக்கு 310 மீட்டர் போல ஓடியது. பினாங்குக்கு 9,600 கிலோமீட்டர், ஏறத்தாழ எட்டரை மணி நேரம். 2022 ஜனவரி 15 இரவு ஒன்பது மணியை ஒட்டி நம் தலைக்கு மேலே கடந்திருக்கும். உலகைப் பல முறை சுற்றியது. 1883ல் கிரக்கத்தோவா வெடித்தபோதும் பாரோமீட்டர்கள் இதே மாதிரி ஒரு சுற்றலைப் பதிந்தன.

அதைவிட எனக்கு வியப்பு 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாதுபோ. அது வெடித்துக்கொண்டிருந்தபோது உலகெங்கும் உள்ள அதிர்வுமானிகளில் ஏறத்தாழ 270 நொடி, 230 நொடி என்று இரண்டே தாளங்களில் அலை வந்தது. சாதாரண நடுக்கம் அப்படி இரண்டு சுரத்தில் பாடாது. எரிமலைக்கு மேலே வளிமண்டலம் தன் சொந்தத் தாளத்தில் அதிர்ந்து, அந்த அதிர்வு தரையைத் தட்டியிருக்கிறது. காற்று மேளம் கொட்ட, தரை தாளம் போட்ட மாதிரி.

எல்லாவற்றையும் காற்றின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 1998ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நடுக்கமே இல்லாத நாளிலும் பூமி சில நிமிட அலைநேரத்தில் ஓயாமல் முனகுகிறது என்று கண்டார்கள். முதலில் வளிமண்டலம்தான் காரணம் என்று பலரும் நினைத்தார்கள். 2004ல் பெர்க்லியைச் சேர்ந்த ரீ, ரொமனோவிச் இருவரும் அந்த முனகல் கடலிலிருந்து கிளம்புகிறது என்று காட்டினார்கள். ஐந்து முதல் எட்டு நொடியில் வரும் நுண்ணதிர்வும் அப்படித்தான். எதிரெதிராக வரும் கடலலைகள் மோதும்போது அவற்றின் அழுத்தம் குறையாமல் கடலடிவரை இறங்குகிறது, 1950ல் லாங்கெட்-ஹிக்கின்ஸ் சொன்ன விளக்கம். பெர்த்தெல்லியின் ஊசலை ஆட்டியது பெரும்பாலும் அதுவாகத்தான் இருந்திருக்கும். தாழ்வழுத்தம் புயலைக் கொண்டுவந்தது, புயல் அலையைக் கொண்டுவந்தது, அலை தரையை ஆட்டியது. பாரோமீட்டர் அவருக்குச் சரியாகத்தான் சொன்னது. நடுவில் ஒரு கடல் இருந்தது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

கரும்பலகை | மே 12, மாலை 5.00

கடலே இல்லாத இடத்தில் கருவியை வைத்தால் என்ன ஆகும் என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள்.

அலைவரிசை | மே 12, இரவு 8.40

வைத்துப் பார்த்திருக்கிறார்கள், செவ்வாயில்! இன்சைட் என்ற விண்கலம் 2018 நவம்பரில் அங்கே இறங்கியது. அதிர்வுமானியோடு அழுத்த உணரியையும் சேர்த்தே அனுப்பினார்கள், அழுத்தத்தால் வரும் அசைவைக் கழிக்க. அங்கே தூசிச் சுழல் ஒன்று பக்கத்தில் கடந்தால் அதன் நடுவில் அழுத்தம் குறைவு, தரை மெல்ல மேலே எழும்பும், கருவி சாயும். அந்தச் சாய்வையே பயன்படுத்தி அங்குள்ள மண்ணின் விறைப்பைக் கணக்கிட்டார்கள். மலையடிவாரம் தன் தாழ்வாரத்தில் மாட்டிய சில வெள்ளி உணரியும் இதே யோசனைதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

மலையடிவாரம் | ஜூன் 10, இரவு 10.30

பெருநாள் விடுமுறைக் கணக்கு வந்துவிட்டது. பெருநாளன்று மாலை, அழுத்தப் பள்ளம் வழக்கம் போலவே. இரைச்சல் உச்சம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடியலைவிடச் சற்று மேலே, அவ்வளவுதான். மாலைக் கணக்கு முடிந்தது, அது சாலைதான்.

2020 மார்ச் 18ல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தக் கருவி என்னிடம் இல்லாமல் போயிற்றே என்று இப்போது நினைக்கிறேன். அந்த வருஷம் உலகம் முழுக்க மனித நடமாட்டத்தின் அதிர்வு சில இடங்களில் பாதியளவு வரை குறைந்ததாக சயன்ஸ் இதழில் வந்தது. அதில் வீடுகளில் இருந்த ராஸ்பெரி ஷேக் பதிவுகளும் உண்டு.

விடியற்காலைச் சுமத்ராதான் பாக்கி. காற்றையும் அழுத்தத்தையும் எப்படிப் பிரிப்பது? இரண்டும் ஒன்றாகவே வருகின்றன.

பழையபாரோ | ஜூன் 11, காலை 7.05

வரும்போது ஒன்றாக வரும் தம்பி. போகும்போது ஒன்றாகப் போகாது. காற்று அரை மணியில் அடங்கிவிடும். குளிர்ந்த காற்று தரையில் தேங்கி நிற்கும் வரை அழுத்தம் இறங்காது. முடிவைப் பாருங்கள், தொடக்கத்தைப் பார்க்காதீர்கள்.

மலையடிவாரம் | ஜூன் 19, இரவு 9.10

ஐயா, கிடைத்துவிட்டது.

இன்று விடியற்காலை இடிச்சத்தத்தில் முழிப்பு வந்தது. மணி 4.35. கைவிளக்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டும் எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ரம்புத்தான் மரம்தான் என் காற்றுமானி. தெருவிளக்கு வெளிச்சத்தில் கிளை நன்றாகத் தெரியும். இலை மட்டும் அசைந்தால் ஒன்று, சிறு கிளை ஆடினால் இரண்டு, அடிக்கிளை வளைந்தால் மூன்று என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்தேன்.

4.41 வரை இலைகூட அசையவில்லை. தவளைச் சத்தம் மட்டும். அழுத்தம் 1008.1. பிறகு ஒரே அறை. முதலில் துத்தநாகக் கூரை தடதடத்தது, மழை அதற்குப் பிறகுதான். 4.52க்கு அழுத்தம் 1010.3. மரத்துக்கு மூன்று என்று எழுதியது அந்தப் பதினொரு நிமிடத்தில்தான். 2 ஹெர்ட்ஸிலிருந்து 8 ஹெர்ட்ஸ் வரை பதிவு முழுக்க நிறம் மாறியது, வேர் தரையை இழுப்பது அங்கேதான் தெரிகிறது என்று நினைக்கிறேன். கூரைமேல் விழும் மழை அதற்கு மேலே, 10 ஹெர்ட்ஸைத் தாண்டி, தனியாக ஒரு பட்டை.

5.14க்குக் கிளை நின்றது. நோட்டில் “இலை மட்டும்” என்று எழுதினேன். பதிவிலும் அந்த 2 முதல் 8 வரையுள்ள பட்டை 5.14, 5.15ல் அடங்கிவிட்டது. மழைப்பட்டை 5.40 வரை இருந்தது. அழுத்தம்? ஆறு மணிக்கும் 1010க்கு மேலேதான். முக்கால் மணி நேரம் அழுத்தம் உயரத்தில் நின்றது, காற்றின் இரைச்சல் அடங்கியே இருந்தது.

முதல் நாள் நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. மாலையில் தாழ்வழுத்தத்தோடு சாலை சேர்ந்து வந்தது. விடியலில் உயரழுத்தத்தோடு காற்று சேர்ந்து வந்தது. என் கருவி கேட்டது சாலையையும் காற்றையும்தான். அழுத்தம் தரையை அமுக்குவதை அது கேட்கவே இல்லை.

அலைவரிசை | ஜூன் 19, இரவு 10.25

நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். இதைவிடத் தெளிவான சோதனையை நான் படிக்கும் காலத்தில்கூடச் செய்ததில்லை, மனதாரச் சொல்கிறேன். ஒன்று மட்டும்: உணரியும் அதிர்வுமானியும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றனவா என்று சரிபாருங்கள். ஒரு நிமிடம் பிசகினாலும் “எது முதலில்” என்ற கேள்வியில் தவறிவிடுவோம்.

மலையடிவாரம் | ஜூன் 19, இரவு 10.48

இரண்டும் ‘ராஸ்பெரி பை’ என்ற ஒரே சின்னக் கணினியில்தான் அக்கா, நேரம் இணையத்திலிருந்து வருகிறது. நோட்டு மட்டும் என் கைக்கடிகாரம். இப்போது ஒப்பிட்டுப் பார்த்தேன், கடிகாரம் 20 நொடி முந்துகிறது. கணக்கில் திருத்திவிட்டுப் படத்தைப் போடுகிறேன்.

கரும்பலகை | ஜூன் 20, காலை 7.15

பள்ளி நூலக அறையில் சிமெண்டுத் தரை இருக்கிறது, பக்கத்தில் மரமும் இல்லை. தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை வந்து ஒரு கருவியை வைத்துக் காட்ட முடியுமா தம்பி? பசியாறலுக்குத் தோசை எங்கள் பொறுப்பு.

மலையடிவாரம் | ஜூன் 20, காலை 7.31

கண்டிப்பாக வருகிறேன் டீச்சர். பாலத்தில் நெரிசல் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுகிறேன். உணரி இன்னொன்றும் கைவசம் இருக்கிறது, அதையும் கொண்டுவருகிறேன்.